சித்தி காயில் மாற்றிய நாள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஓணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், எங்கள் வீட்டுக் குளிர் அறை நின்றுபோனது. நின்றுபோனது என்று சொல்வதும் சரியில்லை. வெளியே மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இரண்டு ஃபேனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. குளிர் மட்டும் வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எப்போதும் மூன்று, நான்கு என்று காட்டுகிற சின்னப் பெட்டி அன்று காலை பதினான்கு என்று காட்டியது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. அப்பாவுக்குக் காய்கறி மொத்த வியாபாரம். காந்தலூரிலிருந்து கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் மறையூர், உடுமலைப்பேட்டை வழியாக லாரியில் வந்து இறங்கும். இறங்கியதும் குளிர் அறைக்குள் போய்விடும். வீட்டை ஒட்டி நீளமாக ஒரு தகர ஷெட். அந்த ஷெட்டின் கடைசியில் குளிர் அறை. எங்கள் பள்ளிக்கூட வகுப்பறையில் பாதி இருக்கும். கனமான கதவு, வெள்ளைச் சுவர். உள்ளே கூரையிலிருந்து இரண்டு ஃபேன் வைத்த ஒரு பெரிய தகரப் பெட்டி தொங்கும். அதற்குள்ளிருந்துதான் குளிர் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி வருகிறது என்பது சித்தி ஒருத்திக்குத்தான் தெரியும்.

சித்தி அம்மாவின் தங்கை. கோயம்புத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் படித்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அம்மா அதைச் சொல்லும்போது பெருமையாகச் சொல்கிறாளா குறையாகச் சொல்கிறாளா என்று பிரிக்க முடியாது. ஒன்றரை வருஷம் ஐஸ்கிரீம் கடைகளின் ஃப்ரீசர்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆனதும் வேலை நின்றுவிட்டது. தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டதால், அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது எங்கள் வீடுதான். அந்த வருஷம் ஆடிக்கு வந்தவள், ஆவணி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. ஆடி மாதம் இந்த முறை கொஞ்சம் நீண்டுவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன். அவள் இருந்தால் எனக்கு நல்லது. தலை பின்னும்போது அம்மா மாதிரி இழுக்க மாட்டாள்.

பெரியவர்கள் போனில் நிறையப் பேசினார்கள். நான் போனால் பேச்சை நிறுத்துவார்கள். கடைசியில், புதன்கிழமை பதினொரு மணிக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருவார்கள், சித்தி அவர்களோடு பொள்ளாச்சிக்குப் போய்விடுவாள் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமையே அவள் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

குளிர் அறை கெட்டது செவ்வாய்க்கிழமை.

அப்பா பாலக்காட்டு மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார். அந்த மனிதர் மலையாளத்தில் மிகவும் மரியாதையாக, கையில் ஏற்கெனவே ஆறு இடத்து வேலை இருப்பதாகவும், ஓணம் கழிந்து மறுநாள் நிச்சயம் வந்துவிடுவதாகவும் சொன்னார். ஓணம் கழிந்து எங்களுக்கு மெக்கானிக் எதற்கு? ஓணச் சாப்பாட்டுக்கான காய் முழுக்க உள்ளே இருந்தது. காந்தலூரில் ஏழெட்டுக் குடும்பங்கள் எங்களை நம்பிப் பறித்து அனுப்பிய காய். அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, குளிர் அறை வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

சித்தி அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியின் தகரத்தைக் கழற்றிவிட்டிருந்தாள். உள்ளே நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள், அவற்றை ஊடுருவி வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய்கள். இதைத்தான் சித்தி காயில் என்பாள். ஒரு பக்கம் முழுக்கப் பனிக்கட்டி. இன்னொரு பக்கம் வெறுமையாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலக்கி ஸ்பாஞ்சில் எடுத்துக் குழாய் வளைவுகளில் தடவினாள். ஓரிடத்தில் நுரை குமிழ் விட்டது. கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில். அப்புறம் மூன்றாவதாக ஒன்று.

"மாமா, இங்க வந்து பாருங்க. லோடு இறக்கறவங்க ஐஸைக் கம்பியில குத்திக் குத்தி எடுத்திருக்காங்க. அது போக, குழாயும் அரிச்சுப் போச்சு. குளிர் குடுக்கற கேஸ் இது வழியாத்தான் போயிருக்குது."

"ஒட்ட முடியாதா?"

"ஒட்டலாமுங்க. இன்னைக்கு ஓடும். ஓணத்தன்னைக்கு நின்னுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? காயிலையே மாத்தோணும்."

அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். "உன்னால ஆகுமா?"

"காயில் கெடச்சா ஆகுமுங்க."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "நாளைக்கு அவங்க வர்றாங்க. மூஞ்சியெல்லாம் கரியப் பூசிட்டு நிப்பியா?" என்றாள்.

"பதினொரு மணிக்குத்தானக்கா வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சுட்டுக் குளிச்சும் போடுவேன்."

அவள் ஒரு நோட்டுத் தாளில் பெட்டியின் நீளம், அகலம், குழாயின் கனம், குழாய் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதெல்லாம் படம் போட்டு, வேண்டிய சாமான்களின் பட்டியலையும் எழுதிக்கொடுத்தாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் கோயம்புத்தூருக்குப் போனார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து காயை வெளியே எடுத்தோம். வைக்க இடமில்லை. ஷெட்டில் தகரச் சூடு. அதனால் வீட்டுக்குள் கொண்டுபோய், கூடம், படுக்கையறை, பூஜை அலமாரிக்கு முன்னால் என்று தரை தெரியாமல் காய் நிறைந்த பிளாஸ்டிக் கிரேடுகளை அடுக்கினோம். நனைத்த சாக்குகளை மேலே போட்டு, எல்லா ஃபேனையும் சுற்றவிட்டு, மீன் கடைக்காரரிடம் ஐஸ் பாளம் வாங்கி நடுநடுவே வைத்தோம். அன்று எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் வாடையும் மீன் வாடையும் சேர்ந்து அடித்தது. நான் கட்டிலில், கேரட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

சித்தி மெயின் சுவிட்சை அணைத்து, ஃபேன் ஒயர்களைக் கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டினாள். அதில் நம்பர் எழுதியது நான். மீதமிருந்த கேஸை ஒரு சிலிண்டரில் இறக்கிக்கொண்டு, குழாய்களை அறுத்தாள். லோடு இறக்கும் அண்ணன்மார் நான்கு பேர் கீழே தாங்கிப் பிடிக்க, கூரைக் கம்பிகளின் நட்டைக் கழற்றினாள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியபோது தகடுகள் அவள் முழங்கையை வரிவரியாகக் கிழித்துவிட்டன. மஞ்சள் பொடியைத் தேடி ஓடிய அம்மா திரும்பி வருவதற்குள், சித்தி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். பொழுது சாயும் முன் அப்பா புதுக் காயிலும் புதுக் கேஸ் சிலிண்டருமாக வந்தார். வரும் வழியில் கொழிஞ்சாம்பாறையில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கேஸ் டார்ச்சும், வாக்குவம் பம்பும், நைட்ரஜன் சிலிண்டரும் வாங்கி வந்திருந்தார். சித்தி எழுதிக் கொடுத்திருந்த பட்டியலில் ஒன்றையும் விடவில்லை. அதிகம் பேசாத அப்பா, "கடைக்காரரு இந்தப் படத்த யாரு போட்டான்னு கேட்டாரு," என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் புதுப் பெட்டியின் ஓட்டைகள் பழைய கம்பிகளோடு சேரவில்லை. நான்கு விரல் அளவு தள்ளியிருந்தன. கூரையில் புதிதாக ஓட்டை போட்டு, கம்பி மாற்றி, பெட்டியை ஏற்றி, தண்ணீர் வடியும் குழாய்க்குச் சரிவு பார்த்து முடிக்கையில் பத்தரை ஆகிவிட்டது. அதற்கு மேல்தான் முக்கியமான வேலை. குழாய்களைப் பற்றவைக்க வேண்டும். அப்போது உள்ளே கரி பிடிக்காமல் இருக்க நைட்ரஜனை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் வால்வு சூட்டில் கெட்டுவிடாமல் ஈரத்துணி சுற்ற வேண்டும். துணி காய்ந்தால் நனைத்துக் கொடுப்பது என் வேலை. புகை போவதற்காகக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தோம்.

கார் சரியாகப் பதினொன்றுக்கே வந்துவிட்டது. சித்தப்பாவின் அண்ணன், அவர்களுடைய தாய்மாமன், வெள்ளை வேட்டியில் இன்னும் இரண்டு பேர். சித்தப்பாவும் வந்திருந்தார், ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாததால், அப்பா ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அவர்களை உட்காரவைத்தார். நடந்ததைச் சொன்னார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். குளிர் அறைப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள்.

தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்கு முன்னால கெளம்போணும். அம்முணி, போயி உங்க சித்திய வரச்சொல்லு."

நான் போனேன். சித்தி ஏணியின் உச்சியில், ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் பற்றவைக்கிற வெள்ளிக் கம்பியுமாக இருந்தாள். குழாய் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டாள்.

"இப்ப வர முடியாதுன்னு சொல்லு கண்ணு. பாதியில உட முடியாது. இன்னும் ரெண்டு ஜாயிண்ட்டு இருக்குது. அர மணி நேரத்துல வந்தர்றேன், டீ குடிச்சுட்டு இருக்கச் சொல்லு."

நான் திரும்பி வந்தேன். ஷெட்டின் நடுவே வந்தபோது அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு எப்போதும் பாதி பதில்தான் வரும். அன்றும் அப்படித்தான் ஆனது.

"சித்தி வரமாட்டாங்களாம்," என்றேன்.

அப்பா, "என்ன சொன்னா கண்ணு? மறுக்காச் சொல்லு," என்றார்.

"வரமாட்டாங்களாமுங்க."

சித்தப்பாவின் அண்ணன் எழுந்தார். அவர் கோபப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டு, "கேட்டுட்டீங்கல்லங்க. இதுக்கு மேல நாங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றார். அப்பா குளிர் அறைப் பக்கம் திரும்பி நின்றார். அங்கிருந்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருப்பவர் போல நின்றார். டார்ச்சின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் போய்க் காரில் ஏறினார்கள். கார் பின்னால் எடுத்துத் திரும்புகிற வரைக்கும் அப்பா அதே இடத்தில் நின்றார்.

அம்மா ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"என்னடி இது? வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சியாமா?"

அதற்குள் அந்த ஜாயிண்ட் முடிந்திருந்தது. சித்தி டார்ச்சை அணைத்தாள். ஏணியின் மேலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அப்போதுதான், அவள் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு என்று உணர்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "இந்த ஏணியக் கொஞ்சம் புடிச்சுக்க. ஆடுது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ஏணியைப் பிடித்தாள்.

மற்ற இரண்டு ஜாயிண்ட்களும் முடிந்தன. நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, எல்லா இடத்திலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஓரிடத்திலும் குமிழ் வரவில்லை. பிறகு பம்பைப் போட்டு உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தாள். பம்பை நிறுத்திவிட்டு, மீட்டர் முள் ஏறுகிறதா, எங்காவது காற்று கசிகிறதா என்று ஒரு கிரேடைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அரை மணி நேரம் முள் அசையவில்லை. அவளும் அசையவில்லை. அப்பா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கேஸ் விட்டு மெயினைப் போட்டபோது மணி மூன்று. ஃபேன்கள் சுற்றின. சிவப்பு எழுத்து இருபத்தெட்டில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். இருபத்தைந்து, இருபத்தொன்று, பதினெட்டு. லோடு இறக்கும் அண்ணன்மார் கிரிக்கெட் ஸ்கோர் போல ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஐந்தரைக்கு ஐந்தைத் தொட்டது. பீன்ஸில் கொஞ்சம் அழுகியதை மாடுகளுக்குப் போட்டோம். மற்றதெல்லாம் உள்ளே போய், ஓணத்துக்கு முன்னால் போகவேண்டிய கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

சித்தி அதற்குப் பிறகு பொள்ளாச்சிக்குப் போகவில்லை. ஐப்பசியில் கோயம்புத்தூரில் பழைய கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். கோர்ட், வக்கீல் என்று இரண்டு வருஷம் ஓடியது. அம்மாவும் அவளும் வெகுநாள் சரியாகப் பேசவில்லை. இதற்கெல்லாம் என் வாயிலிருந்து வந்த அரைகுறைச் செய்திதான் காரணம் என்று எனக்குப் புரிந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். யாரோ ஒரு உறவுக்காரரிடம் அம்மா, "காரெடுத்துட்டு வந்தவங்ககிட்ட வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சா," என்று சொல்வதைக் கேட்டேன். அப்புறமும் பல வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தி ஊருக்கு வந்தால், அவள் கண்ணில் படாமல் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரி கடைசி வருஷத்தில் ஒரு நாள் அவளுடைய கடைக்குப் போயிருந்தேன். அப்போது உக்கடம் பக்கம் சொந்தமாகக் கடை வைத்துவிட்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் அரை மணி நேரத்தில் வருவதாகத்தான் சொன்னீர்கள், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எனக்குத் தெரியுமே," என்றாள். "கதவு தொறந்துதான இருந்துச்சு. நீ சொன்னதும் கேட்டுச்சு. உங்கப்பா மறுக்காக் கேட்டதும் கேட்டுச்சு."

"அப்ப ஏஞ் சித்தி ஒண்ணுஞ் சொல்லல?"

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "போறதுன்னுதான் இருந்தேன். பையெல்லாங் கட்டி வெச்சுட்டனே. வரமாட்டேன்னு என்ற வாயில வந்திருக்காது கண்ணு. அதை நீ சொல்லிக் கேட்டப்ப, சரியாத்தான இருக்குதுன்னு தோணுச்சு. ஒரு சத்தம் போட்டிருந்தா அவங்க உக்காந்திருப்பாங்க. போடல." பிறகு, "ரசம் ஊத்திக்க," என்று என் பக்கம் தள்ளினாள்.

ஏணியின் மேலிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வையை அதன் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் "ஆமாக்கா" என்று சொல்வதற்கு முன்னால் இருந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட முடியவில்லை. கார் அப்போது வாய்க்கால் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அப்பா போன் செய்திருந்தால் திரும்பியிருக்கும். ஒரு வார்த்தையில் என்னைப் பொய்யாக்கிவிட்டு அவள் பழைய வாழ்க்கைக்குப் போயிருக்கலாம். ஒன்பது வயதில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. சொன்னதைச் சரியாகச் சொல்லாததற்குத் திட்டு விழவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அந்த நிம்மதியில் ஷெட்டுக்குத் திரும்பி வந்தேன். நாற்காலிகள் அப்படியே கிடந்தன. வந்தவர்கள் தொடாமல் விட்டுப்போன டீ வரிசையாக இருந்தது. எங்கள் வீட்டில் சிறுபிள்ளைகளுக்கு டீ கொடுக்க மாட்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, இரண்டு டம்ளர் குடித்தேன். நன்றாகச் சர்க்கரை போட்டிருந்தார்கள்.